வக்கீல், சோப்பு, ஆரஞ்சுத் தொப்பி

வெள்ளி, மார்ச் 14

இன்று செய்த பிழை: வக்கீலின் தலையை அளந்தபோது கொண்டையையும் சேர்த்து அளந்துவிட்டேன்.

நாடாவைச் சரியாகத்தான் பிடித்தேன். புருவத்துக்கு மேலே தொடங்கி, காதை உரசாமல் பின்னால் கொண்டுபோய், மறுபடி புருவத்துக்கு. வகுப்பில் சொல்லித்தந்தது அப்படியே. ஆனால் அக்கா அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, இரண்டையும் சுருட்டி முடிந்து வைத்திருந்தாள். நாடா அந்த மேட்டில் ஏறி இறங்கியதை நான் கவனிக்கவில்லை. தைத்து முடித்துத் தலையில் வைத்ததும் நெற்றி, கண், மூக்கு எல்லாம் உள்ளே போய்விட்டன. வாய் மட்டும்தான் வெளியே. அந்த வாய், "மாமா, கரண்ட் போயிடுச்சு" என்றது.

துணி வீணாகவில்லை. தொப்பி எனக்குக் கச்சிதமாக இருந்தது. கொண்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு அவளுக்கு வேறொன்று தைத்தேன்.

அன்றைய பிழையை முதல் வரியிலும் மறுநாள் வேலையைக் கடைசி வரியிலும் எழுதச் சொல்லித்தான் தையல் டீச்சர் எங்களுக்கு இந்த நோட்டைக் கொடுத்தார். மாலை வகுப்பில் மற்றவர்கள் அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடுவில் இவ்வளவு எழுதுவது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. இது சரியா என்று டீச்சரிடம் கேட்க நினைத்து, கேட்காமலே வந்துகொண்டிருக்கிறேன்.

வக்கீல் என் அக்கா மகள். ஆறு வயது. எதைச் சொன்னாலும் "அப்படின்னா" என்று குறுக்கே ஒரு கேள்வி போடுவாள். அதனால் வந்த பெயர். அவள் தம்பிக்கு நாலு வயது, அவன் சோப்பு. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கைக்குள்ளிருந்து நழுவிவிடுவான். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார்; வீட்டில் இருக்கும் நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். நான் பார்சல் அலுவலகத்தில் வேலை கிடைத்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறேன்.

போன வருடம் பெரிய மார்க்கெட்டில் சோப்பு நழுவிவிட்டான். வெங்காயக் கடையின் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வெங்காயம் உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா தேடியது கொஞ்ச நேரம்தான். ஆனால் அவளுக்கு அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை. கூட்டம் உள்ள எந்த இடத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. தப்பித்தவறிப் போனால், இருவரின் மணிக்கட்டையும் பிடிக்கிற பிடியில் வளையல் போட்டதுபோலச் சிவந்துவிடும்.

இப்போது கண்ணாடிக் கடையில் அக்காவைக் கூப்பிடுகிறார்கள். லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் செய்த வேலைதான். அதைச் சொல்லும்போதே அவள் விரல்கள் காற்றில் ஒரு லென்ஸைத் திருப்பிப் பார்க்கும். கடை காலையில் சீக்கிரமே திறந்துவிடும். பிள்ளைகளை நான்தான் பஸ் நிலையத்துக் கூட்டத்தில் நடத்திப் போய்ப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அங்கேதான் அக்கா தயங்குகிறாள்.

நேற்று சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை என்னை ஒரு நாள் வேலை பாத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நீ ரெண்டு பேரையும் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போ. முழுசா திருப்பிக் கொண்டுவந்தா, திங்கள்லேர்ந்து வரேன்னு சொல்லிடறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. நீயும்தான், நானும்தான்."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதனால்தான் தொப்பி. வகுப்பில் பழகுவதற்கென்று டீச்சர் வாங்கி வைத்த துணி கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த முழுச் சுருளாம். கூட்டத்தில் ஒரு மைல் தூரத்திலிருந்தும் தெரியும். இன்று மூன்று தொப்பிகளையும் வகுப்பில் காட்டினேன். பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் எங்களோடு படிக்கிறார். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்கிற பெரிய ஆள். அவர் தொப்பியைத் தூக்கிப் பார்த்து, "தம்பி, இத மாட்டிக்கிட்டா சிக்னல்ல வண்டியெல்லாம் நின்னுடும்" என்றார். எங்களோடு படிக்கிற மருந்துக்கடை அக்கா, "கிண்டல் பண்ணாதீங்க. என் புள்ளைங்க ரெண்டுக்கும் இப்படி ஒண்ணு வேணும்" என்றார். டீச்சர் நான் வெட்டிய அட்டை மாதிரியை வாங்கி வைத்துக்கொண்டார். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து என் மாதிரியை ஒருவர் கேட்டு வாங்குவது இதுவே முதல் தடவை. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நாளை: தையல் வகுப்புக்கு மட்டம். பிள்ளைகளோடு ஒத்திகை.

சனி, மார்ச் 15

இன்று செய்த பிழை: வக்கீலுக்கு விதிகளைச் சொல்லித்தர முயன்றது. அவள் விதிகளை விசாரிக்கிற ரகம்.

முதலில் சட்டைகள். பார்சல் அலுவலகத்தில் சேர்ந்த அன்றே சொல்லித்தருவது இது: மேலே ஒட்டிய சீட்டு கிழியும், நனையும், உரியும். அதனால் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வேண்டும். மேல் சீட்டில் பெறுபவர், உள் சீட்டில் அனுப்பியவர். பெறுபவர் கிடைக்காவிட்டால் பொருள் அனுப்பியவருக்கே திரும்பும்; நடுவழியில் அநாதையாக நிற்காது. அதேபோல வெள்ளை நாடாவில் எண்களை எழுதிச் சட்டையின் உள்மடிப்பில் தைத்தேன். வக்கீலின் சட்டையில் என் எண். நாளை அவர்களைப் பெற்றுக்கொள்கிறவன் நான். சோப்பின் சட்டையில் அக்காவின் எண். அனுப்புகிறவள் அவள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "பேரும் தைக்கிறியா?"

"தொப்பிக்கு மேல தைக்கலாம்னு இருக்கேன்."

"வேணாண்டா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா தெரிஞ்சவங்கன்னு நெனச்சு யார் பின்னாடியும் போயிடும் புள்ள. நம்பர் போதும். அதுவும் உள்ளேயே இருக்கட்டும்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ரெண்டு சட்டையிலயும் ரெண்டு நம்பரும் வெச்சா என்ன?"

"நாடா தீந்துபோச்சு."

"நல்ல தையக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் தெருமுனைக் காய்கறிச் சந்தையில் ஒத்திகை. என் கையைச் சோப்பு பிடிக்க வேண்டும், சோப்பின் மறு கையை வக்கீல் பிடிக்க வேண்டும். நழுவுகிறவன் நடுவில்.

"என்னைக் காணோம்னா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"அழணும்" என்றான் சோப்பு.

"அழலாம். ஆனா நின்ன எடத்துலயே நின்னு அழணும். ஒரு அடிகூட நகரக் கூடாது. நான் வந்த வழியே திரும்பி வந்துடுவேன்."

"அப்படின்னா" என்றாள் வக்கீல், "நீ வழி மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்."

"மறந்துட்டா?"

"மாமாவுக்கு மறக்காதும்மா."

"நேத்து கடைக்குப் போய் உப்ப மறந்துட்டு வந்தியே."

பக்கத்தில் கீரை கட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். நான் விட்டுக்கொடுத்தேன். "சரி. நான் வரலன்னா, கவுண்டருக்குள்ள உக்காந்து வேலை பாக்கிறவங்களக் கூப்பிடு. இல்லன்னா குழந்தையோட நிக்கிற ஒரு அம்மாவ. நின்ன எடத்துலேர்ந்தே சத்தமாக் கூப்பிடு. சட்டை மடிப்பக் காட்டு."

"எவ்வளவு சத்தமா?"

"உன்னால முடிஞ்ச வரைக்கும்."

அதை மட்டும் அவள் உடனே ஒத்திகை பார்த்தாள். சந்தை முழுக்க ஒரு கணம் திரும்பியது. கீரைக்கார அம்மா கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

இதெல்லாம் போதுமா என்று தெரியவில்லை. தொப்பி இருக்கிறது என்பதுதான் ஒரே தைரியம்.

நாளை: பொருட்காட்சி.

ஞாயிறு, மார்ச் 16

இன்று செய்த பிழை: எதிலிருந்து தொடங்குவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

மூன்று பேரும் தொப்பியோடு கிளம்பினோம். அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு தொப்பியையும் அழுத்திவிட்டாள், என்னுடையதையும் சேர்த்து. அவளும் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தாள். பழைய வெள்ளை மேல்கோட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து இஸ்திரி போட்டிருந்தாள். "போன கையோட வாங்க" என்றாள். அவள் கையில் சாவிக்கொத்து கலகலவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

பொருட்காட்சியின் கடைசி ஞாயிறு. ஊரே அங்கேதான் இருந்தது. மீன்தொட்டிக் கூடத்தில் சோப்பு தன் மூக்கைக் கண்ணாடியில் நசுக்கி, உள்ளே இருந்த மீனும் வந்து எதிரில் வாயைத் திறந்து மூட, "மாமா, அது என்னைத் திட்டுது" என்றான். வளைந்த கண்ணாடிகள் வைத்த அறையில் வக்கீல் குண்டாகவும் நான் இன்னும் ஒல்லியாகவும் தெரிந்தோம். "இதுக்கு மேலயும் ஒல்லியாக முடியுமா?" என்று அவள் உண்மையான கவலையோடு கேட்டாள். எந்த இடத்திலும் எங்கள் கைச்சங்கிலி அறுபடவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

அடுத்தது குதிரை ராட்டினம். இருவரும் ஒரே குதிரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்ததும் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்ததுபோலக் கூவினார்கள். இறங்கி வெளியே வரும் இடத்தில், டிக்கெட் கவுண்டரை ஒட்டி, ஆள் உயரம் பார்ப்பதற்கு மரத்தில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிற்கிறது. அங்கே சோப்பின் ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். தோளில் இருந்த பை குனியும்போதெல்லாம் முன்னால் வந்து விழுந்தது. அதைக் கழற்றி வக்கீலின் தோளில் மாட்டினேன். என் போன் அந்தப் பையில்தான் இருந்தது. அதை அப்போது நான் நினைக்கவே இல்லை.

லேஸை நிதானமாகக் கட்டினேன். பார்சல் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அந்த நேரம் பொம்மை ரயில் வந்து நின்று, அதிலிருந்து இறங்கிய கூட்டம் எங்கள் மேல் வந்து மோதியது. நான் எழுந்தேன், பக்கத்தில் இருந்த சின்ன ஆரஞ்சுத் தொப்பியின் கையைப் பிடித்தேன், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆரஞ்சுத் தொப்பி இருந்ததையும் பார்த்துக்கொண்டேன், நெரிசலை விட்டு நடந்தேன். சங்கிலி சரியாக இருந்தது.

நடந்துகொண்டே அந்த முடிச்சைப் பற்றி விளக்கிக்கொண்டு போனேன். எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், எதற்காக இரண்டு தடவை சுற்ற வேண்டும் என்றெல்லாம். ஐஸ் வண்டி வந்தது. "ஐஸ் வேணுமா, வேணாமா?" என்றேன்.

பதில் இல்லை.

வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வராமல் இருந்ததே கிடையாது. சட்டென்று நின்றேன். குனிந்து பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த பையன் தலையை நிமிர்த்தினான். கன்னத்தில் மச்சம். சோப்புக்கு மச்சம் கிடையாது. அந்தப் பக்கம் இருந்த பெண் என் தொப்பியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கம்மா இல்லையே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

"தம்பி! என் புள்ளைங்கள எங்க இழுத்துட்டுப் போறீங்க?"

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தவர் மருந்துக்கடை அக்கா. அவர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. "ஐயோ, நீங்களா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆரஞ்சுத் தொப்பி கையை விடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். உங்க தொப்பியப் பாத்துட்டு வந்துட்டாங்க போல."

"அக்கா, இந்தத் தொப்பி..."

"நேத்து நீங்க கிளாஸுக்கு வரல இல்ல? டீச்சர் உங்க அட்டையை வெச்சுத்தான் எல்லாரையும் தைக்கச் சொன்னாங்க. ஆளுக்கு மூணு நாலு தைச்சோம். கடைசி ஞாயிறுன்னு எல்லாரும் வீட்டோட கிளம்பி வந்திருக்கோம்." அவர் முகம் மாறியது. "ஆமா, உங்க புள்ளைங்க எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். பாப்கார்ன் கடை வரிசையில் ஆரஞ்சு. பலூன்காரர் பக்கத்தில் ஆரஞ்சு. ராட்சச ராட்டினத்தின் உச்சிப் பெட்டியில் இரண்டு ஆரஞ்சு. தூரத்தில் பஸ் ஓட்டுகிற அண்ணனின் பெரிய தலையில் மூடிபோல உட்கார்ந்த ஒரு ஆரஞ்சு. கூட்டத்தில் என் பிள்ளைகளைத் தனியாகக் காட்டுவதற்காக நான் கண்டுபிடித்த தொப்பி, கூட்டத்தின் தலையிலேயே இருந்தது.

வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நான்தான் சொன்ன விதி. ஆனால் வந்த வழி எது? முடிச்சைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவன் வழியைப் பார்க்கவில்லை. அதனால் செய்யக் கூடாததைச் செய்தேன். கண்ணில் பட்ட ஆரஞ்சின் பின்னாலெல்லாம் ஓடினேன். ஒவ்வொரு தொப்பிக்குக் கீழேயும் வேறு முகம். போன் எடுக்கப் பைக்குக் கை போனது; பை இல்லை. அப்போதுதான் போன் எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. அக்காவின் வெள்ளை மேல்கோட்டு ஞாபகம் வந்தது. இஸ்திரி போட்ட மடிப்புகூட ஞாபகம் வந்தது.

பஸ் ஓட்டுகிற அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, ஓடாதீங்க. எங்க விட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"லேஸ் கட்டினேன். ஷூதான் ஞாபகம் இருக்கு."

"ஷூ எங்க இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பான பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மாமா ஒருவரைக் காணவில்லை."

சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

"உயரமானவர். தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி. மிகவும்... என்ன பாப்பா? மிகவும் ஒல்லியானவர். அவருடைய பிள்ளைகள் இருவரும் குதிரை ராட்டினத்தின் டிக்கெட் கவுண்டரில், ஒட்டகச்சிவிங்கிப் பக்கத்தில், பத்திரமாக இருக்கிறார்கள். மாமாவைப் பார்ப்பவர்கள் அவரை அங்கே அனுப்பி வைக்கவும்."

மைக்கை யாரோ பிடுங்குகிற சத்தம். பிறகு சந்தையில் கேட்ட அதே குரல், பொருட்காட்சித் திடல் முழுவதும்: "மாமா! அழாத! நாங்க வெச்ச எடத்துலயே இருக்கோம்! ஓடி வராத, நடந்து வா!"

அதற்குப் பின்னால் இன்னொரு சின்னக் குரல்: "மாமா, லேஸ் மறுபடி அவுந்துடுச்சு."

திடல் சிரித்தது. மருந்துக்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது, அதை எழுத வேண்டியதில்லை. பஸ் ஓட்டுகிற அண்ணன் தன் பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற குரலை எடுத்தார். "வழி விடுங்க, வழி விடுங்க! காணாமப் போன மாமா வராரு!" ஆட்கள் உண்மையாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் கை தட்டினார். ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, "இனிமே ஜாக்கிரதையா இருப்பா" என்றார்.

இருவரும் ஒட்டகச்சிவிங்கியின் காலடியிலேயே நின்றிருந்தார்கள். சோப்பு அதன் முன்னங்காலைக் கட்டிப்பிடித்திருந்தான். வக்கீல் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்திருந்தாள், மறு கையில் மைக். நான் மண்டியிட்டதும் சோப்பு என் கழுத்தில் விழுந்தான். வக்கீல் விழவில்லை.

"நாங்க ஒரு அடிகூட நகரல. நீதான் நகந்த."

"ஆமாம்மா."

"விதிய யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்படின்னா?"

ஒரு கையால் என் காதைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவளும் வந்து என் கழுத்தில் விழுந்தாள். அவள் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள். பயந்துகொண்டே நகராமல் நின்றிருக்கிறாள்.

கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பாப்பா நின்ன எடத்துலேர்ந்தே கத்துச்சு பாருங்க, ராட்டினமே நின்னுடுச்சுன்னு நெனச்சேன். சட்டை மடிப்பக் காட்டுச்சு. அந்த நம்பருக்கு அடிச்சா, பாப்பா தோள்ல இருந்த பையே பாடுது! யார எடுக்கச் சொல்றது?" அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்புறம் தம்பி சட்டைல இன்னொரு நம்பர் இருந்துச்சு. உங்க அக்கா எடுத்தாங்க. பேசிட்டோம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெறுபவர் கிடைக்கவில்லை. அனுப்பியவருக்குத் திரும்பிவிட்டது. என் ஏற்பாடு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். அக்காவின் வேலை அதோடு போயிற்று என்றும் நினைத்தேன்.

கவுண்டர்ப் பெண்ணின் போனிலேயே அக்காவைக் கூப்பிட்டேன். "வந்துட்டேன். ரெண்டு பேரும் என்கிட்டதான் இருக்காங்க" என்றேன். "சரி, மெஷின் ஓடுது, வீட்டுல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடு வரும்வரை இரண்டு கைகளையும் விடவில்லை. சோப்பு நழுவிப் பார்க்கவும் இல்லை. ஒரே நாளில் தொலைந்து கிடைத்த மாமாவிடம் கொஞ்சம் மரியாதை வந்திருக்கலாம்.

அக்கா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் யோசித்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்: தொப்பி, மருந்துக்கடை அக்காவின் பிள்ளைகள், போன், நான் ஓடியது. எதையும் மறைக்கவில்லை. "நீ சொன்ன மாதிரியே இந்தப் பேச்ச இனி எடுக்க மாட்டேன்" என்று முடித்தேன்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"போன் வந்தப்ப ஒரு லென்ஸ் மெஷின்ல ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றாள் அக்கா. "யாரோ ஒரு பொண்ணு, 'உங்க பசங்க எங்ககிட்ட இருக்காங்க'ன்னு ஆரம்பிச்சா. எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அதுக்குள்ள இவ போன வாங்கிட்டா." வக்கீலைக் காட்டினாள். "'அம்மா, நாங்க இங்கயேதான் இருக்கோம். மாமாவத்தான் காணோம். நாங்க பாத்துக்கறோம், நீ வேலையப் பாரு'ன்னா."

"நான் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் வக்கீல்.

"அப்புறம் சின்னது வாங்கி, ஒட்டகச்சிவிங்கிக்கு எத்தன காலுன்னு எண்ணிச் சொல்லிச்சு." அக்காவுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. "போன வெச்சுட்டுக் கையப் பாத்தேண்டா. நடுங்கவே இல்ல. அந்த லென்ஸ அப்படியே முடிச்சு ஃபிரேம்ல மாட்டினேன், டிக்குன்னு உக்காந்துச்சு. முதலாளி கேட்டாரு, நாளைலேர்ந்து வரீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னு சொல்லிட்டேன். இவ்வளவு நாளும் நான் கைய விட்டா இதுங்க தொலைஞ்சிடும்னு பயந்துக்கிட்டிருந்தேன். விட்டா நிக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடித்தாள். "எனக்குப் புள்ளைங்களப் பத்தி இப்ப கவலை இல்ல. உன்னப் பத்திதான்."

"மாமா சட்டைலயும் நம்பர் தைக்கணும்" என்றான் சோப்பு.

"யார் நம்பர்?" என்றேன்.

"அப்படின்னா" என்று வக்கீல் யோசித்தாள். அவளிடம் போன் கிடையாது. அதனால் அக்கா எண்ணையே தைப்பதென்று தீர்ப்பாயிற்று.

இதை எழுதும்போது அக்கா மேல்கோட்டை மறுபடி இஸ்திரி போடுகிறாள். பிள்ளைகள் மேஜைக்கு அடியில் பொருட்காட்சி விளையாடுகிறார்கள், சோப்புதான் மாமா. "மாமாவைக் காணவில்லை" என்று வக்கீல் ஒரு கரண்டியில் அறிவிக்கிறாள். அவன் உடனே ஓடிப்போய்த் தொலைகிறான்.

டீச்சர் இதைப் படித்தால் முதல் வரியில் ஒரு பிழைதான் எழுத வேண்டும் என்பார். எந்த ஒன்றை எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

நாளை: வெள்ளை நாடா வாங்கி, மூன்று சட்டைகளிலும் இரண்டு எண்களையும் தைக்க வேண்டும். அதற்கு முன் காலையில், போனை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிலையம் வழியாக இருவரையும் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.